பினாங்கு பாயும் அரைக்கால் டவுசரும்

கடற்கரையில் ஒரு மனிதன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை உலகத்திலேயே அதிகம் தெரிந்துவைத்திருந்தவர், கடல் வாசமே அடிக்காத மதுரையில், கோரிப்பாளையத்தில், ஒரு மோட்டார் பம்ப்செட் ஏஜென்சியின் கோடவுனில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் நிஜப்பெயர் எனக்குத் தெரியாது. முதலாளிக்கும் தெரிந்திருக்கும் என்று தோன்றவில்லை. எல்லாருக்கும் அவர் பினாங்கு பாய்.

வாலிபத்தில் கப்பலேறிப் போய் பினாங்கில் ஒரு சொந்தக்காரரின் சாப்பாட்டுக் கடையில் பதினொரு மாதம் இருந்துவிட்டு வந்தவர். அந்தப் பதினொரு மாதத்தை வைத்து மதுரையில் இருபத்தைந்து வருஷம் ஓட்டினார். வெளியூர் போகிறேன் என்று யார் சொன்னாலும் போதும், வெற்றுப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொல்வார். ராமேஸ்வரம் போனவருக்கும் அறிவுரை. கொடைக்கானல் போனவருக்கும் அதே அறிவுரை.

"அலைக்கு மட்டும் முதுகக் காட்டாதீக."

"பாய், கொடைக்கானல்ல ஏது அலை?"

"நான் சொல்றதச் சொல்லிட்டேன். அப்பறம் ஒங்க இஷ்டம்."

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. அந்த வருஷம் மழை பொய்த்து, மேற்கே எல்லாரும் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். சேல்ஸ்மேனான நான் ஊர் ஊராகப் போய் மோட்டார் விற்றேன். என் திறமையால் விற்றது என்று கம்பெனி நம்பியது. பரிசாகச் சிலோனில் ஒரு கடற்கரை ஹோட்டலில் மூன்று நாள் தங்கல், திருச்சியிலிருந்து விமானம், "வெற்றி பெற்றவருக்கும் உடன் வரும் ஒருவருக்கும்" என்று கடிதம் வந்தது. உடன் வருபவர் பெயரைப் பாரத்தில் எழுதிப் பதினைந்து நாளில் அனுப்ப வேண்டும். பாஸ்போர்ட் வேலையெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம்.

எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். என் மனைவி செல்விக்கு டி. கல்லுப்பட்டி. கடலை அவள் காலண்டரில்தான் பார்த்திருந்தாள். எங்கள் வீட்டில் இரண்டு அறைக்குப் பதினொரு பேர். ஏழு மாதத்தில் நானும் அவளும் பேசியதையெல்லாம் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம், அதிலும் பாதிக்கு மேல் "சாப்பிட வாரீகளா", "வாரேன்" என்பதுதான். ஆகவே உடன் வருபவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை வாயைத் திறந்து சொல்லும் தைரியம்தான் இல்லை.

அந்தத் தைரியம் வருவதற்குள் சோழவந்தானிலிருந்து மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர், என் கல்யாணத்தை முன்நின்று நடத்தியவர். எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

"கூட ஒருத்தர்னு போட்ருக்கான். அப்ப நாந்தேன். பொம்பளப் பிள்ளைய எதுக்குக் கடல் தாண்டிக் கூட்டிட்டுப் போய்க்கிட்டு? என்ன மாப்ள?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. மாமா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார். அடுப்படியில் ஒரு பாத்திரம் வேண்டியதற்கு அதிகமாகச் சத்தம் போட்டது.

கோடவுனில், யாரோடு என்பதை விட்டுவிட்டு, சிலோன் போவதை மட்டும் சொன்னதும் பினாங்கு பாய்க்குக் கையும் காலும் நிற்கவில்லை. வெளிநாட்டுக் கடற்கரைக்கே போகிற ஆள் அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை. அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்து, அங்கே இருந்த மாமாவையும் சேர்த்து என்னை எதிரில் உட்காரவைத்துப் பாடம் ஆரம்பித்தார். பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்ள வேண்டும். தென்னை மரத்து நிழலில் படுக்கக்கூடாது. ஊறுகாய் இல்லாமல் ஊரைத் தாண்டக்கூடாது. ஹோட்டல் குளியலறையில் எது எதற்கு என்று தெரியாத குழாயைத் தொடக்கூடாது. கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னார்.

"மணல்ல உக்காரும்போது செருப்பக் கழட்டி அங்கனயே பள்ளம் பறிச்சுப் பொதைச்சு, அதுக்கு மேல உக்காரணும். இல்லேன்னா ஒருத்தன் மாட்டிக்கிட்டுப் போயிருவான். நான் பினாங்குல அப்படி மூணு சோடிய விட்டவன்."

அந்த நேரம் செல்வி டீ கொண்டுவந்தாள். கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"கடல் சத்தம் எம்புட்டுத் தூரம் கேக்கும் பாய்?"

"அது கேக்கும்மா, ஊர் பூராக் கேக்கும். நீதான் போய்க் கேக்கப்போறியே?"

"நான் போகல. மாமாவும் அவுகளுந்தான் போறாக" என்று மாமா பக்கம் பார்க்காமல் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பாய் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பாடத்தை அத்தோடு நிறுத்திக் கிளம்பிவிட்டார். அவர் பாதியில் பாடத்தை விட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து பாடம் கடினமாகிவிட்டது. மாமாவைக் கோடவுனுக்கே வரவழைத்துச் சொன்னார்.

"அண்ணே, வெத்தலைய விட்ருங்க. அங்க தெருவுல செவப்பாத் துப்புனா போலீஸ்காரன் பிடிச்சுக்கிட்டுப் போயிருவான்."

"துப்ப மாட்டேன். முழுங்கிக்கிருவேன்" என்றார் மாமா.

"சோறு கெடையாது. கண்ணு முழிச்ச மீன அப்படியே தட்டுல வைப்பான். முள்ளுக்கரண்டிலதான் திங்கணும்."

"மூணு நாளுதான பாய். அவலக் கட்டிக்கிட்டுப் போறேன்."

"வேட்டி கட்டக்கூடாது. ஹோட்டலுக்குள்ள அரைக்கால் டவுசர்தான் சட்டம்."

மாமா கொஞ்சம் யோசித்தார். பிறகு, "போட்டாப் போச்சு. அங்க நம்மள யாரு பாக்கப்போறா?" என்றார்.

பாரத்தை அனுப்ப நான்கு நாள்தான் பாக்கி. உடன் வருபவர் என்ற இடத்தை எழுதாமலே வைத்திருந்தேன். பாய் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார். "அப்ப சரிண்ணே. நாளைக்குப் பழகிப் பாத்துருவோம்."

பழக எங்களை வைகைக்குக் கூட்டிப்போனார். வைகையில் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன, மணல் இருக்கிறது. நடுப்பகல் பன்னிரண்டு மணி. மாமா முந்தின நாள் புதுமண்டபத்துத் தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த, பச்சைக் கோடு போட்ட அரைக்கால் டவுசர், மேலே கை வைத்த பனியன். அந்தக் கால்களை அதற்கு முன் சூரியன் பார்த்திருக்க நியாயமில்லை.

"மல்லாக்கப் படுங்கண்ணே. வெள்ளைக்காரன் எல்லாம் அப்படித்தான் படுப்பான். ஒரு மணி நேரம் கட்டாயம். எந்திரிச்சா ஹோட்டல்காரனுக்கு மரியாதை இல்லேன்னு ஆயிரும்."

மாமா படுத்தார். மணல் சுட்டது. ஒரு பக்கம் சுட்டால் இன்னொரு பக்கம் புரண்டார். பாய் குடையை விரித்துத் தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு கழுதைகள் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் போயின. பாலத்தின் மேல் முதலில் ஒரு ஆள் நின்றான். பிறகு பத்துப் பேர். கால் மணியில் பாலத்துக் கைப்பிடி முழுக்கத் தலைகள். யாரோ மயங்கிக் கிடக்கிறார்கள் என்று ஒருவர் சோடாவோடு இறங்கி ஓடிவந்தார்.

அவருக்குப் பின்னால் வெற்றிலைக் கட்டோடு இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். சோழவந்தான்காரர்கள்.

"அடடே, நம்ம கொடிக்காக்காரரு. என்னண்ணே இந்தக் கோலம்? ஒடம்புக்கு எதுவும் முடியலையா?"

மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். தூங்குவதுபோல் நடித்தாராம், பிறகு அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பாய்தான் பதில் சொன்னார், பாலத்து மேல் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி.

"ஒண்ணுமில்ல. சிலோனுக்குப் பழகுறாக. அங்க போயி மூணு நாளும் இப்படித்தான் கெடக்கணும்."

மறுநாள் காலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கால் முழுக்க வெண்ணெய் தடவியிருந்தார்கள். உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"மாப்ள, கொடிக்கால்ல தண்ணி பாய்ச்ச ஆளில்ல. நீ அந்தப் பிள்ளையவே கூட்டிட்டுப் போ. சின்ன வயசு, டவுசர் கிவுசர்னு சட்டம் போட்டாலும் ஒனக்குப் பாதகமில்ல."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் பாரத்தில் செல்வியின் பெயரை எழுதிவிட்டேன்.

சிலோன் ஹோட்டலில் மூன்று வேளையும் சோறு போட்டார்கள், தேங்காய்ச் சம்பலோடு. சாப்பாட்டு அறையில் எனக்கு அடுத்த மேசையில் ஒரு பெரியவர் வேட்டி கட்டிக்கொண்டு கையால் பிசைந்து சாப்பிட்டார். தெருவுக்குத் தெரு வெற்றிலைக் கடை. நம்மூரை விட அதிகமாகப் போடுகிறார்கள். மாமாவுக்கு அது சொர்க்கமாக இருந்திருக்கும்.

முதல் நாள் சாயங்காலம் கடலோரம் போனோம். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு ஆள் கிடையாது. செல்வி செருப்பைக் கழற்றி, கையால் பள்ளம் பறித்து, என் செருப்பையும் வாங்கிச் சேர்த்துப் புதைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள். "இங்க யாரு வந்து எடுக்கப்போறா?" என்றேன். "பாய் சொல்லிருக்காருல்ல" என்றாள். அப்புறம் இருட்டும்வரை பேசினாள். ஏழு மாதத்துப் பேச்சு. அதில் முக்கால்வாசி எனக்குத் திட்டு.

"அன்னைக்கே வாயத் தொறந்து, எம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா முத்தா உதிர்ந்திரும்?"

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரிப்பாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

திரும்பி வந்ததும் நேரே கோடவுனுக்குப் போனேன்.

"என்ன பாய், ஊரே வெத்தல போடுது. வேட்டி கட்டுறான், சோறு திங்கிறான். நீங்க சொன்னதுல ஒண்ணுகூட உண்மையில்லையே?"

"அதெல்லாம் ஒனக்கா சொன்னேன்? ஒங்க மாமாவுக்குல்ல சொன்னேன்."

நான் அப்படியே கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சாவிக்கொத்தைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நிக்காஹ் முடிஞ்சு நாப்பதாம் நாளு நான் கப்பலேறுனேன் தம்பி. பதினோரு மாசம் தெனமும் கடலப் பாத்தேன். பாத்து யார்ட்ட சொல்றது? அதான் திரும்பி வந்துட்டேன்." சாவிக்கொத்தை ஆணியில் மாட்டிவிட்டு, "அந்தப் பிள்ள செருப்பப் பொதைச்சுச்சா?" என்று கேட்டார்.

"பொதைச்சா பாய்."

"நல்ல பிள்ள" என்றார்.

பாய் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. நானும் செல்வியும் அதற்கப்புறம் நாலைந்து ஊர்க் கடலைப் பார்த்துவிட்டோம். செருப்பை வைக்க இப்போது நம்பர் போட்ட பெட்டியே கொடுக்கிறார்கள். நாங்கள் வாங்குவதில்லை. பள்ளம் பறித்துப் புதைத்து, அதன்மேல்தான் உட்காருகிறோம்.