சீக்ரட்டு கட்டிய சேலை

இலங்கைத் தீவில் ஓர் இரகசியத்தை இத்தனை பகிரங்கமாகக் காப்பாற்றிய மனிதர் வேறொருவர் இருக்க முடியாது. அக்கரப்பத்தனை பஸ்ஸில் கொண்டக்டரே, "சீக்ரட்டு கடை எறங்குங்க!" என்று கத்துவார். இறங்கினால், லொத்தர் சீட்டு விற்கும் பெட்டிக்கடைக்குள் கறுப்புக் கண்ணாடியோடு அவர் உட்கார்ந்திருப்பார். பயங்கரவாதிகளையும் போதைக் கும்பல்களையும் பிடிக்க நாட்டின் உளவு நிறுவனம் எங்கள் மலைக்கு அனுப்பிய ஆள். அது தனக்கும் மேலதிகாரிக்கும் மட்டுமே தெரியும் என்பது அவர் நம்பிக்கை. அந்த 'சீக்ரட்'டுக்காகவே நாங்கள் வைத்த பெயர்தான் சீக்ரட்டு.

லொத்தர் விற்பவருக்குக் குலுக்கல் எந்த நாள் என்றே தெரியாது. அடைமழையிலும் காலில் சப்பாத்து பளபளக்கும். கொழுந்து பறிக்கும் மருதாயிக்குப் பரிசு விழுந்தபோது, "இந்த நம்பர ஒங்களுக்குக் குடுத்தது யாரு?" என்று விசாரித்தார்.

"நீங்கதானேங்க குடுத்தீங்க?"

"அப்ப எனக்குக் குடுத்தது யாரு?" என்று அன்று முழுவதும் யோசித்தார்.

தேயிலை, மழை, அட்டை தவிர அவர் கையில் எதுவும் அகப்படவில்லை. அந்த வறட்சியில்தான் மாசி பிறந்தது. மாசியில் எங்கள் தோட்டங்களில் காமன் கூத்து. மன்மதனான காமனைச் சிவன் எரிப்பார், ரதி புலம்புவாள், நாங்கள் அழுவோம். ரதி வேடத்தையும் ஆண்களே கட்டுவார்கள். கொழும்பிலேயே வளர்ந்த சீக்ரட்டுக்கு இது தெரியாது. கடை வாசலில் காதில் விழுந்ததைத் தலைமையகத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்: பௌர்ணமியன்று காமன் என்பவரை எரிக்கத் திட்டம், வைக்கோல் சேர்ப்பவன் செல்வம்.

மேலும் துப்புத் துலக்க, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நடந்த ஒத்திகைக்கே வந்தார். கூத்து மாஸ்டர் மறித்தார்.

"சும்மா நின்னு பாக்குறதுக்கு இது பயாஸ்கோப்பு இல்லீங்க. வேஷம் கட்டுறவங்களுக்குத்தான் எடம். ரதிக்கு ஆளில்ல. கட்டுறீங்களா?"

நாட்டின் பாதுகாப்புக்காக மீசையை எடுத்தார். இரண்டாம் ஒத்திகையிலேயே உண்மை விளங்கி, பதறிப்போய்த் திருத்தம் சொன்னார். முதல் தகவலை அன்றே ஆராய்ந்த தலைமையகம், திருத்தத்தை இன்னமும் ஆராய்ந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஒத்திகை நடுவில் ஜீப் வந்தது. (அன்று மழை இல்லை.) இறங்கிய அதிகாரிகளில் பெரியவர் தமிழும் பேசக்கூடியவர்.

"காமன் யாரு?"

மாஸ்டர் பூரிப்போடு செல்வத்தை முன்னால் தள்ளினார். "இவன்தாங்க சேர். பௌர்ணமிக்கு எரிச்சிருவோம்."

"வைக்கோல் சேர்த்த செல்வம்?"

"அதுவும் இவனேதாங்க."

"எரிக்கிறது யாரு?"

"சிவனுங்க. இன்னைக்கு இல்லீங்க சேர், வெலிமடையில ஒரு கலியாணம்."

முக்கியப் புள்ளி தலைமறைவு என்று முடிவாகி, செல்வத்தின் கையில் விலங்கு ஏறியது. எங்களுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. 'சும்மா ஒரு விசாரணை' என்று ஜீப்பில் ஏறியவர்கள் வருஷக்கணக்கில் திரும்பாத கதை எங்களுக்குப் புதிதல்ல. செல்வத்தின் அம்மா ஜீப்புக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது ரதி எழுந்தாள். மஞ்சள் சேலை, கனகாம்பரம், பளபளக்கும் சப்பாத்து. விறைப்பாக ஒரு சல்யூட். வளையல்கள் குலுங்கின.

"அவன விடுங்க சேர். இந்தப் பகுதிக்கு அனுப்பின ஆள் நான்தான். பிழையான தகவல் குடுத்ததும் நான்தான்."

பெரியவர் அவரை உச்சி முதல் சப்பாத்து வரை பார்த்தார். அடையாள எண்ணைக் கேட்டு, ஓரமாகப் போய்ப் போனில் பேசிவிட்டு வந்து விலங்கைக் கழற்றச் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவர் யாருன்னு முந்தியே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று ஒரு வாய் சொல்லியிருந்தால் போதும், சீக்ரட்டின் வேலை போயிருக்கும். மருதாயிதான் முதலில் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"ஆத்தாடி! சீஐடியா? லொத்தர் விக்கிறவருன்னுல்ல இத்தன நாளா நெனச்சிக்கிட்டு இருந்தோம்!"

பெரட்டுக்களமே வாயைப் பிளந்தது. எல்லோரையும்விடச் சத்தமாக ஆச்சரியப்பட்டவர், கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்க நின்ற பஸ் கொண்டக்டர். சீக்ரட்டின் முகத்தில் அப்படியொரு பெருமிதம். அத்தனையையும் அவர் நம்பினார்.

உடனே இடமாற்றம் வந்தது. ஆனால் பௌர்ணமிக்கு லீவு போட்டு, சேலையை பேக்கில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். வைக்கோல் காமன் எரிந்தான். ரதி சாம்பலருகே விழுந்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வத்தின் அம்மாவே தேற்ற வேண்டியதாயிற்று. அரசாங்கத்திலிருந்து எத்தனையோ பேர் எங்கள் மலைக்கு வந்து போயிருக்கிறார்கள். எங்களோடு உட்கார்ந்து அழுதவர் அவர் ஒருவர்தான்.