பெட்டிக்குள் வந்த சீர்க்கட்டில்

சிங்கப்பூர்,
ஞாயிறு மாலை.

மதிப்புக்குரிய ஆண்டிச்சாமி மாமாவுக்கு, மருமகன் பீமாராவ் கைகூப்பி எழுதுவது. இங்கே ஐந்து பேரும் நலம். திருவாதவூரில் நீங்களும் அத்தையும் சினை வெள்ளாடும் அதேபோல் இருக்க வேண்டும்.

போனில் பேசினால் அப்பாவுக்குக் கேட்டுவிடும். சரண்யாக்கா வீடு அவ்வளவு சிறியது. அதனால் தாள். அதன் படம் முதலில் போனில் வரும், தாள் பின்னால் தபாலில் வரும். "எங்க மச்சான் அந்தப் பயகிட்ட வாயத் தொறந்தாரா இல்லையா, அதை மட்டும் எழுது" என்று அப்பாவைப் பற்றிக் கேட்டு அனுப்பினீர்கள். அதை மட்டும் எழுத முடியவில்லை. நடந்தது அப்படி.

சரண்யாக்கா வீட்டில் சொல்லாமல் ஜெய்சன் மச்சானைப் பதிவுத் திருமணம் செய்த நாளிலிருந்து அப்பா அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்காவிடம் பேசுவார். அவரிடம் இல்லை. தாய்மாமன் என்ற முறையில் நீங்கள்தான் வழி சொன்னீர்கள். கல்யாணத்துக்குக் கொடுக்காத சீர்க்கட்டிலை அவர்கள் இருக்கும் சிங்கப்பூரிலேயே வாங்கிக் கொடுங்கள், அதை வைத்தாவது பேச்சு வரும் என்று. வந்து இறங்கியதும் தெரிந்தது, அப்பாவும் ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறார் என்று. ஆயுள் முழுக்கப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர் இல்லையா. விமான நிலையத்தில் மச்சான் வந்து நின்றதும் கூரையைப் பார்த்து, "சாமான் தூக்குறவங்க தூக்கலாம்" என்றார். மச்சான் தூக்கினார். வீட்டில், "பாத்ரூம் எங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லலாம்." மச்சானும் லேசுப்பட்டவர் இல்லை. மின்விசிறியைப் பார்த்து, "எடது பக்கம் போறவங்களுக்குக் கெடைக்கும்" என்றார். இப்படியே ஒரு வாரம். சோறு, குழம்பு, மிருகக்காட்சி சாலை, மெட்ரோ ரயில். எல்லாம் பொது அறிவிப்பு.

நேற்று கட்டில் வாங்கப் போனோம். கடை என்றால் நம் ஊர்க் கடை போல இல்லை மாமா. உள்ளே வீடு வீடாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், கட்டில், விளக்கு, திரைச்சீலை, மேசைமேல் பாதி படித்த மாதிரி ஒரு புத்தகம். அம்மா முதல் அறை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, "யார் வீட்டுக்குள்ளயோ வந்துட்டமே, ஆளுக யாரும் இல்லையா?" என்றாள், கடைதான் என்று அக்கா சொன்னதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே கடை முழுக்க நடந்தாள், ஒவ்வொரு கட்டிலையும் இரண்டு கையாலும் ஆட்டி, "இது சத்தம் போடுது, ஆகாது" என்று தள்ளினாள், அக்கா முகத்தை மூடிக்கொண்டாள், கடைசியில் சத்தம் போடாத ஒரு தேக்கு நிறக் கட்டில் கிடைத்ததும் பையிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்து நாலு காலிலும் பொட்டு வைத்து, மாட்டுத்தாவணியில் வாங்கி ஈரத்துணியில் சுற்றி இத்தனை நாள் ஃபிரிட்ஜில் காப்பாற்றிய மல்லிகையைத் தலைமாட்டில் சாத்திவிட்டாள். கடைப் பெண் ஓடி வந்தது. சீனப் பெண். மச்சான் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண் பூவை மோந்து பார்த்தது. தன் தலையைக் காட்டியது. அம்மா வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்களுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள், பூவுக்கு.

கட்டிலைத் தூக்குங்கள் என்று அம்மா சொன்னபோது மூன்று அட்டைப்பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"இது என்னடா?"

"கட்டில்மா. நாமதான் பூட்டிக்கணும்."

"ஏண்டா, சீரை அட்டைப்பொட்டியில வெச்சா குடுக்கிறது? ஊர்ல கேட்டா என்னன்னு சொல்ல?"

அம்மா சமாதானம் ஆகவில்லை. அதனால் சீர் ஊர்வலம். இன்று காலை வண்டி அடுக்ககத்தின் வாசலில் பெட்டிகளை இறக்கியதும், அம்மா முன்னால் தட்டில் ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை. பின்னால் சந்தனம் பூசிய பெட்டிகள். கடைசியில் அப்பா, வெள்ளை வேட்டி. மேளம் இல்லாத குறைக்கு நான் போனில் தவில் போட்டேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா விசாரித்துவிட்டுத் தானும் ஒரு தட்டோடு வந்து சேர்ந்துகொண்டார். தட்டில் பச்சைப் பலகாரம். லிஃப்டில் சீர் மூன்று நடையாக ஏறியது. "பொட்டியோட வாறவங்க உள்ள தள்ளி நில்லுங்க" என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. சீர் வந்துவிட்டது. பேச்சு வரவில்லை. நாளைக்கு விமானம்.

படுக்கையறையில் பலகைகளை விரிக்க இடமில்லை. ஹாலில் விரித்தார்கள். மச்சான் படம் போட்ட தாளைப் பார்த்துப் பார்த்துப் பூட்டினார். அப்பா சோபாவில். கைகள் துறுதுறுத்தன. நான் பார்த்தேன்.

"பலகை மாட்டுறவங்க படத்தைத் திருப்பிப் பிடிச்சுப் பாக்கலாம்."

"பாத்தாச்சு. சரியாத்தான் இருக்கு."

"சரியா இருக்குன்னு நெனைக்கிறவங்க நெனைக்கலாம்."

மச்சான் கீழே குனிந்து திருகாணி தேடினார். தலைமாட்டுப் பலகை மெல்லச் சாய்ந்தது. அவர் பிடரிக்கு நேராக.

"டேய் ஜெய்சா! தலைய எடுய்யா!"

அப்பா எப்படி சோபாவிலிருந்து வந்தார் என்று தெரியவில்லை. பலகை அவர் தோளில் இருந்தது. மச்சான் தரையில், அவர் காலுக்கிடையில். அடுப்படியில் அக்கா கரண்டியைப் போட்ட சத்தம்.

"எந்தப் பக்கம் மாமா எடுக்க?" என்றார் மச்சான்.

"எம்பக்கம் வாய்யா. கண்ணு தெரியலயா ஒனக்கு? இம்புட்டு படிச்சு என்னத்துக்கு?"

அம்மா கத்தினாள். "பேசிட்டாரு! ஏய் சரண்யா, ஒங்கப்பா பேசிட்டாருடி!"

"யாரு பேசுனா? பேசாம ஸ்குரூவ எடுத்துக் குடு."

அவ்வளவுதான் மாமா. அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. மூன்று வருடப் பேச்சு. பாதி திட்டு. ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு சண்டை. மச்சான் திட்டு வாங்க வாங்கச் சிரித்தார், அப்பா அதற்கும் திட்டினார். அக்கா வாசற்படி ஓரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். குழம்பு அடிப்பிடித்தது. யாரும் கேட்கவில்லை. கட்டில் நிமிர்ந்து நின்றதும் இருவரும் அதன்மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்கள், அறிவிப்பு இல்லாமல்.

நாளை இரவு மதுரை வந்து சேர்வோம். வண்டி எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வந்துவிடுங்கள். அத்தைக்கு என் அன்பு. நீங்கள் போட்ட கணக்கு பலித்தது, அதற்கு எங்கள் எல்லோருடைய கும்பிடும் உங்களுக்கே.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்
பீமாராவ்

பின்குறிப்பு (திங்கள்): வண்டி எடுக்க வேண்டாம் மாமா. கட்டில் படுக்கையறைக்குள் நுழையவில்லை. ஹாலில் அது நிற்கிற நிலையில் வாசல் கதவு ஒரு சாண்தான் திறக்கிறது. இந்தக் கடிதத்தைக்கூட அந்த இடுக்கு வழியாகத்தான் மலாய்க்கார அம்மாவிடம் கொடுக்கிறேன், தபாலில் சேர்க்க. பிரித்துவிட்டு மறுபடி பூட்டலாமே என்றேன். "நாங்க பூட்டுனதயா?" என்று அப்பாவும் மச்சானும் ஒன்றாகக் கத்தினார்கள். விமானம் போய்விட்டது. இப்போது மாமனும் மருமகனும் கட்டிலை வெளியே இறக்கச் சன்னலை அளந்துகொண்டிருக்கிறார்கள். வீடு பதினோராவது மாடி.