வள்ளியின் கால்வலிக்காக நான் புதைந்தது

அன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்கு இடப்பட்ட வேலை மீன் வாங்கி வருவது.

"நகரை கிடைச்சா நகரை, இல்லாட்டி காரல். போன வாரம் மாதிரி வேடிக்கை பாத்துட்டு வெறுங்கையோட வந்து நிக்காதீங்க" என்று சொல்லி என் மனைவி செல்லம் ஓலைக் கொட்டானைக் கையில் கொடுத்தாள்.

ஐந்து வயது மகள் வள்ளியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"அவ எதுக்கு இந்த வெயில்ல?"

"கொஞ்சம் காத்து வாங்கட்டும்."

பொய். எனக்கு வேறு ஒரு திட்டம் இருந்தது.

நான் அப்போது சேதுக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கடலோரச் சிற்றூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியன். சொந்த ஊர் திருவாடானைப் பக்கம். கண்மாய்க்கு மேல் பெரிய தண்ணீரைப் பார்த்திராத விவசாயக் குடும்பம். கடலோரத்துக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த மூன்று வருடத்தில் கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அது உப்பாக இருக்கும் என்பது. இந்த அறிவை வைத்துக்கொண்டு மீனவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதமாக வள்ளிக்குக் கால் வலி. பொழுது சாய்ந்தால் முழங்காலுக்குக் கீழே இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு அழுவாள். விடிந்தால் ஒன்றும் நடக்காதது போல முற்றத்தில் நொண்டி விளையாடுவாள். அவள் நொண்டி விளையாடுவதை என்னால் பார்க்க முடியாது. என் அக்காள் மகளுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இடது கால் சூம்பிப்போய்விட்டது. இளம்பிள்ளை வாதம். வள்ளி சாயங்காலம் காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் அந்தச் சூம்பிய கால்தான் எனக்குத் தெரியும்.

ராமநாதபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். அவர் காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், ஓடச் சொன்னார்.

"ஒண்ணுமில்லை. வளர்ற பிள்ளைக்கு வர்ற வலி. பகலெல்லாம் ஆடுறா, சாயங்காலம் வலிக்குது. தேய்ச்சு விடுங்க, போயிரும்."

"மருந்து?"

"தேவையில்லை."

மருந்து எழுதாத டாக்டரை நான் எப்படி நம்புவது? பேருந்தில் திரும்பி வரும்போதே அவர் படிப்பின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுவாரம் ஒரு கம்பவுண்டரைப் பிடித்தேன். அவர் நல்லவர், எதைச் சொன்னாலும் மருந்து கொடுப்பார். சுறா எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்தார். வள்ளி அதை ஒரே ஒரு முறை குடித்தாள். அன்றைக்கு நான் போட்டிருந்த சட்டை இன்னும் அந்த வாசனையோடு இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஆமினா அக்காதான் அந்த யோசனையைச் சொன்னவர்.

"வாத்தியார் தம்பி, புள்ளய வெயில் ஏறுன பொறவு கடக்கரை மணல்ல தொடை வரைக்கும் புதைச்சு வைங்க. அரை மணி நேரம். எங்க வாப்பா காலத்துலருந்து செய்யிறதுதான். காலு இரும்பாயிரும்."

நான் சிரித்தேன். அதோடு விட்டேனா? அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அதில் எழுந்து, மூட நம்பிக்கை பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். "மணலில் மருந்து இருந்தால் இந்த ஊரில் நொண்டியே இருக்கக் கூடாதே!" என்று கேட்டுவிட்டு, கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினேன். ஒருவரும் தட்டவில்லை. ஆமினா அக்கா முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

இப்படிப் பேசியவன்தான் அன்று கொட்டானும் மகளுமாகக் கடற்கரைக்குப் போனேன், அவளை மணலில் புதைக்க. முந்தின நாள் சாயங்காலம் அவள் அழுத அழுகை அப்படி.

வெகு நேரம் தேடி ஓர் இடம் பிடித்தேன். படகு இல்லை, வலை காயவில்லை, கருவாடு இல்லை, ஆள் இல்லை. பெருக்கி வைத்தது போல இருந்தது. இவ்வளவு நல்ல இடத்தை ஊரார் ஏன் சும்மா விட்டிருக்கிறார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கிழக்கே தூரத்தில் ஒரு கூட்டம் கடலிலிருந்து ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. மேற்கே அதே தூரத்தில் இன்னொரு கூட்டம் இன்னொரு கயிறு. அவரவர் பிழைப்பு அவரவருக்கு என்று நினைத்துக்கொண்டு குழி தோண்டினேன்.

வள்ளி எட்டிப் பார்த்தாள்.

"மாட்டேன்."

"அரை மணி நேரந்தாண்டா. கால் வலி போயிரும்."

"அய்யா மொதல்ல."

"எனக்கு வலி இல்லையே."

"அப்ப எனக்கும் இல்ல."

குழியை எனக்கு ஏற்றபடி அகலமாகவும் ஆழமாகவும் தோண்டினேன். அடியில் மணல் ஈரமாக, கனமாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி நின்றேன். வள்ளி கைக்கு ஒரு பிடி மணலாக அள்ளிப் போட்டாள். அந்த வேகத்தில் போனால் மாலை வரை ஆகும். அதற்குள் என் மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் ஏழெட்டுப் பேர் எங்கிருந்தோ வந்துவிட்டார்கள்.

"சார், என்ன செய்யிறீங்க?"

"வள்ளிக்கு விளையாட்டுக் காட்டுறேன்."

"நாங்களும் போடவா சார்?"

வருடம் முழுவதும் சொல்லியும் ஒரு கணக்கை ஒழுங்காகப் போடாத கைகள் அன்று காட்டிய அக்கறையை நான் பார்த்ததே இல்லை. அள்ளினார்கள், கொட்டினார்கள், மேலே ஏறி மிதித்தார்கள். தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி மறுபடியும் மிதித்தார்கள். ஐந்து நிமிடத்தில் தொடை வரை நான் இல்லை.

"இப்ப உன் முறை" என்று திரும்பினேன். வள்ளி அங்கே இல்லை. கிழக்கே கயிறு இழுக்கும் கூட்டத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பும் அவள் பின்னால் ஓடியது.

வெளியே வர ஒரு காலைத் தூக்கினேன். வரவில்லை. மற்றதைத் தூக்கினேன். அதுவும் வரவில்லை. தோண்டுவதற்குக் குனிந்தால் வயிறு இடித்தது. சிறிது நேரத்தில் கால் இருக்கிறதா என்பதே தெரியாமல் மரத்துவிட்டது.

அப்போதுதான் கவனித்தேன். கிழக்குக் கூட்டம் மேற்கே நகர்ந்திருந்தது. மேற்குக் கூட்டம் கிழக்கே நகர்ந்திருந்தது. இரண்டும் நெருங்கி வந்துகொண்டிருந்தன. இரண்டு கயிறும் ஒரே கரைவலையின் இரண்டு முனை! அந்த வலை கரையேறும் இடம் நான் நின்ற இடம்.

வலைக்கு உடையவரான சம்மாட்டி செய்யது தூரத்திலிருந்தே கத்தினார்.

"யாரு அங்கன? வாத்தியாரா? என்ன செய்யிறீக?"

"சும்மா நிக்கிறேன்."

"நிக்கிறீகளா? நிக்கிறவருக்குக் காலு எங்கன?"

மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி மணலை மறைக்கப் பார்த்தேன்.

"தள்ளிப் போங்க சார், வலை மடி மீனோட கரையேறப் போகுது!"

"போக முடியாது."

"ஏன், எம் மேல கோவமா?"

பக்கத்தில் வந்து பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"எதுக்கு சார் இது?"

மகளுக்காக என்று சொன்னால், முக்கால் மணி நேரப் பேச்சு என்ன ஆவது? "எனக்குக் கால் வலி" என்றேன். அந்த ஒரு வாக்கியம் கயிற்றின் வழியாகவே அந்தக் கோடி வரை போயிற்று. வாத்தியாருக்கு வாதமாம்!

"மணல்ல மருந்து இருந்தா நொண்டியே இருக்கக் கூடாதுன்னு சொன்னாகளே, அந்த வாத்தியாரா?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

"அவருதான். அவரேதான்."

"கொஞ்சம் நிறுத்திட்டு என்னைத் தோண்டுங்கப்பா" என்றேன்.

சம்மாட்டி கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இப்ப நிறுத்துனா மீனு போயிரும் சார். நீங்க எங்க போகப் போறீக?"

நியாயம்தான்.

வலை என்னைச் சுற்றிக்கொண்டு வந்தது. ஈர வலை ஒரு முறை முகத்தில் அறைந்தது. ஒரு சொறி மீன் முழங்கையில் பட்டு, நெருப்பு வைத்தது போல எரிந்தது. ஒரு பேத்தை மீன் என் எதிரே விழுந்து, என்னைப் பார்த்து வயிற்றை ஊதியது. நானோ கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்குக் கயிற்றில் கடைசி ஆளாக வள்ளி. இரண்டு குதிகாலையும் மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். விழுந்தாள். எழுந்து மறுபடியும் ஊன்றினாள். அந்தக் கால்களில் எந்த வாதமும் இல்லை. இதைத்தான் அந்த டாக்டர் ஒரு நிமிடத்தில் சொன்னார். எனக்குத் தெரிந்துகொள்ளத் தொடையளவு குழி வேண்டியிருந்தது.

மீன் கரையேறிய பிறகு நான்கு பேர் பலகையால் தோண்டி என்னைப் பிடுங்கினார்கள். நிற்க வைத்தார்கள். விழுந்தேன். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டார்கள்.

"அந்தக் குழிய மூடிராதீங்க!" என்று ஒருத்தி கத்திக்கொண்டு வந்தாள். "வாத்தியாரே செஞ்சிருக்காகன்னா சும்மாவா? எம் மகளையும் கொஞ்சம் எறக்கிக்கிறேன்."

சம்மாட்டி கூறு பிரித்தார். கயிற்றில் கை வைத்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு. அது அங்கே வழக்கம். வள்ளி ஓடிப்போய் எடுத்துவந்து நீட்டிய கொட்டானில் ஒரு குத்துக் காரலும், மேலே ஒரு நகரையும் விழுந்தன.

"வாத்தியாருக்கு?" என்று ஒருவன் கேட்டான்.

"அவரு வலையில வந்தவருல்ல? அவரையும் கூறுல வைங்க" என்றார் சம்மாட்டி.

வீட்டுக்குச் செய்தி எங்களுக்கு முன்னால் போயிருந்தது. செல்லம் அழுதுகொண்டே தெருவுக்கு ஓடி வந்தாள். முன்னால் வள்ளி, கையில் கொட்டான். பின்னால் இரண்டு ஆள் தூக்கிவர நான். மீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஆமினா அக்கா வாசலில் நின்று, "புதைக்கச் சொன்னது புள்ளய, தம்பி" என்று மட்டும் சொன்னார். செல்லத்தின் அழுகை அத்தோடு நின்றது.

சாயங்காலம் வள்ளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"அய்யா, கால் வலிக்குது."

இரண்டு மாதத்தில் முதல் முறையாக நான் பயப்படவில்லை. விளக்கெண்ணெயைச் சூடு செய்யச் சொல்லி, அவள் கெண்டைக்காலில் தேய்த்து விட்டேன். "வளர்ற வலிம்மா. வளர்றவுகளுக்கு வரும்" என்றேன்.

மிச்ச எண்ணெயை என் கால்களில் தடவிக்கொண்டிருந்ததை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒங்களுக்கும் காலு வளருதாய்யா?"

அடுப்படியில் நகரையைச் செதில் சீவிக்கொண்டிருந்த செல்லம் திரும்பாமலே சொன்னாள்: "அய்யாவுக்கு வளர வேண்டியது காலு இல்லடி."