மலையில் பெய்யாத மழை

மலையில் மறுபடியும் கொட்டித் தீர்த்துவிட்டது. நல்லவேளை, கணினிக்குள்தான். ஆனாலும் தன் தலையிலேயே கொட்டிய மாதிரி அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மேகத்துக்குள் நடப்பதைக் கணக்காக்கி, கணினியில் மழை பெய்ய வைப்பது அவள் வேலை. துளி எப்படிப் பருக்கிறது, எப்போது பனியாக உறைகிறது, எவ்வளவு வேகத்தில் விழுகிறது என்று கண்ணுக்கே தெரியாத சமாச்சாரங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுப்பாள். எந்த மலையில் எவ்வளவு மழை என்று கணினி சொல்லும். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘மேகம்’ என்று ஆகிவிட்டது.

பிரிவின் தலைவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“என்னம்மா இது? மலை உச்சியில நாம வெச்ச மழைமானி போன மழைக்காலத்துல காட்டினதைவிட அஞ்சு மடங்கு பெய்யுது உன் மழை!”

“நிஜமாவே அவ்வளவு பெஞ்சிருக்கலாமே சார்?”

“மழைமானி புத்தம் புதுசு, போன வருஷம்தான் வாங்கினோம். கருவி பொய் சொல்லுமா? மத்தியானத்துக்குள்ள ரெண்டும் ஒத்துப் போகணும், அவ்வளவுதான்.”

அவர் நகர்ந்ததும் தொலைபேசி அடித்தது. அவள் தம்பி. பாலம் கட்டும் பொறியாளன். அந்த மலையிலிருந்து இறங்கும் ஓடைக்குக் குறுக்கே அவனுக்கு வாய்த்திருக்கும் முதல் பாலம்.

“அக்கா, கலவை லாரி வந்து நிக்குது. தூண் எவ்வளவு உயரம்னு சொன்னாத்தான் ஊத்த முடியும்.”

“போன வாரமே சொன்னேனேடா. ரெண்டு ஆள் உயரம்.”

“அது உன் கணக்கு. மழைமானி கணக்குப்படி முழங்கால் தண்ணிகூட வராதாம். ‘உங்க அக்காவும் மழைமானியும் முதல்ல ஒரு முடிவுக்கு வரட்டும்’னு என் மேலதிகாரி கிண்டல் பண்றார். மழைக்காலம் வந்துட்டா இந்த ஊர்ப் பிள்ளைங்க ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போறதே இல்லையாம்க்கா.”

“அதைச் சொன்னியா அவர்கிட்ட?”

“சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பிள்ளைங்களுக்குச் சொல்லியா தரணும்கிறார்.”

தூண் குட்டையாகப் போனால் பாலம் வெள்ளத்தில் முழுகும். அநாவசியமாக உயர்ந்தால் தம்பிக்கு இதுதான் கடைசிப் பாலம்.

உயர்ந்த மலைகளில் மழை பாதிக்குப் பாதி பனித்துகளாகத்தான் பிறக்கிறது. சரி, அது கொஞ்சம் மெதுவாக விழட்டும் என்று விழும் வேகத்தைக் குறைத்தாள். கணினி முனகி முடித்தது. படத்தைப் பார்த்தவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மெதுவாக மிதந்த பனியைக் காற்று அள்ளிக்கொண்டு போய் மலையின் அந்தப் பக்கம் கொட்டியிருந்தது. அந்தப் பக்கம் இருப்பது கள்ளியைத் தவிர வேறெதுவும் முளைக்காத பொட்டல்.

“பொட்டல்காட்டுல பனியா?” தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். அப்போதும் பனிதான். “வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்மா. மாத்து, மாத்து!”

வேகத்தைப் பழையபடி வைத்துவிட்டு, மேகத்தில் துளிகளின் எண்ணிக்கையைக் கூட்டினாள். இருக்கிற நீரை நிறையத் துளிகள் பங்கு போட்டுக்கொண்டால் ஒவ்வொன்றும் பொடியாகும். பொடித்துளி விழாது. கணக்கு என்னவோ சரிதான். அந்தப் பாவி மேகம் அடிவாரத்தில் ஒரு சொட்டுக்கூட விடாமல் மலை மேல் ஏறிப் போய், உறைந்து, உச்சியில் மொத்தமாக ஆலங்கட்டியாகக் கொட்டியது. அதுவும் மழைமானி இருக்கிற இடத்துக்கு நேர் மேலே.

“எட்டு மடங்கா!” தலைவர் குரல் கீச்சென்று கிளம்பியதில் பக்கத்து அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தொலைபேசி மறுபடி அடித்தது. “அக்கா, கலவை இறுகிடும் போலிருக்கு. லாரிக்காரர் திட்டுறார்.”

“இருடா. இதோ ஆச்சு.”

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிச்சமிருந்தது ஒரே வழி. விழுகிற துளி தரையைத் தொடுவதற்குள் நடுவானத்திலேயே காய்ந்து போகட்டும் என்று ஆவியாகும் எண்ணைத் தாறுமாறாக ஏற்றினாள். ஈர மலைக்காற்றில் எந்தத் துளியும் அப்படிக் காயாது. தெரிந்தேதான் செய்தாள். செய்யும்போதே மனசு குறுகுறுத்தது.

படம் வந்தது. மலை கிட்டத்தட்ட காய்ந்து கிடந்தது. மழைமானியின் கோடும் அவள் கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டன.

“அப்படிப் போடு!” தலைவர் கைதட்டினார். “இத்தனை வருஷமா இப்படி ஒரு பொருத்தம் யாருக்கும் வந்ததில்லம்மா. உடனே தம்பிக்குச் சொல்லு.”

சொன்னாள். “இடுப்பு உயரம் போதுமாம்டா.”

“நிஜமாவாக்கா?”

“கருவி அப்படித்தான் சொல்லுது.”

சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அவனே கூப்பிட்டான். “ஊத்தியாச்சுக்கா! இவ்வளவு சிமென்ட்டு மிச்சம் பிடிச்சதுக்கு மேலதிகாரி என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார்.”

தலைவருக்குக் குஷி தாங்கவில்லை. உச்சி நிலையத்தில் மழைமானியைப் பார்த்துக்கொள்ள நியமித்த காவலாளியையும் ஒரு வார்த்தை பாராட்டிவிடலாம் என்று அவனைக் கூப்பிட்டு, எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார்.

“சார், சத்தமாப் பேசுங்க!” என்று காவலாளி கத்தினான். அவனுக்குப் பின்னால் தகரக் கூரை இடிந்து விழுகிற மாதிரி இரைச்சல்.

“என்னப்பா அது சத்தம்?”

“மழை சார்! இந்த வருஷ மழை இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு. இனி மூணு மாசத்துக்கு இதே கூத்துதான்!”

அவளுக்குப் பகீரென்றது. திரையில் மழைமானியின் இப்போதைய அளவைப் பார்த்தாள். நாலே நாலு தூறல். அதற்கு மேல் அசையவில்லை. தலைவரும் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“யப்பா,” என்றார், குரல் கம்ம. “மழைமானி நல்லாத்தானே இருக்கு? அதுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“அதுக்கு ஒரு குறையும் இல்ல சார்! வந்த பெட்டி மேலயே ‘ஈரம் படாமல் வைக்கவும்’னு போட்டிருந்துச்சே, அதனால தூறல் விழுந்ததுமே தூக்கிட்டு வந்து என் கட்டிலுக்கடியில வெச்சிடுவேன்!”