கருப்புத் தோசையும் பெரிய எண்ணும்

நான் எதற்கும் பயப்படாதவன் என்று இந்தக் கல்கத்தா முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். ஒரு பாட்டுத் தட்டைப் பார்த்து முழுதாக ஒரு மாதம் நடுங்கியவன் நான். சோறு இறங்கவில்லை. (எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனாலும் இறங்கவில்லை.)

என்னைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. திருநெல்வேலிப் பக்கம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பதினான்கு வயதில் இங்கே வந்து டம்ளர் கழுவினேன். இன்று பவானிபூரில் எனக்கு மூன்று டிபன் கடைகள். என் சாம்பாருக்காகப் பாலிகஞ்சிலிருந்து காரில் வருகிறார்கள். தமிழ் வாசிப்பேன், எழுதுவேன். இங்கிலீஷில் என் பெயரையும் எண்களையும் வாசிப்பேன். பெங்காலி பேசுவேன், ஆனால் கடைப் பெங்காலி: எத்தனை பிளேட், சில்லறை இருக்கிறதா, நாளைக்கு வா. அதைத் தாண்டிக் கவிதையாக ஒன்று வந்தால் நான் காலி.

இந்த நிலைமையில்தான் என் மகள் கோமதி, சால்ட் லேக்கில் தன்னோடு வேலை பார்க்கும் அனிர்பான் என்ற பையனைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். நல்ல பையன். என் தோசையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு அது போதும். ஆனால் அவன் வீட்டுக்கு நான் போதுமா என்பதுதான் கேள்வி.

அவன் அப்பா பிஸ்வாஸ் பாபுவின் வீட்டில் மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். பாட்டு ரசிகர்கள். அந்த மாதம் தான் கேட்டுக்கொண்டிருக்கும் இசைத்தட்டை ஒவ்வொருவரும் எடுத்து வந்து, ஒரு பாட்டுப் போட்டு, அதைப் பற்றிப் பேசுவார்கள். தட்டு சுற்றும்போது யாரும் வாயைத் திறக்கக் கூடாது. டீக் கோப்பையைக்கூடத் துணி விரித்துத்தான் வைக்க வேண்டும். முடிந்ததும் ஒருவர் தட்டை இன்னொருவர் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். அடுத்த மாதம் வந்து என்ன கேட்டோம் என்று சொல்ல வேண்டும். பரீட்சைதான், வேறென்ன. அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் சம்பந்தம் பேச எங்களை வரச் சொல்லியிருந்தார்கள்.

"அப்பா, அங்க போய்ப் பெருமை பேசாதீங்க," என்று டாக்ஸியிலேயே கோமதி எச்சரித்தாள். "எனக்குப் பாட்டு தெரியாதுன்னு சொல்லிட்டா ஒண்ணும் குறைஞ்சு போகாது. அனிர்பானோட அத்தைதான் அந்த வீட்ல எல்லாம். தீதி, அதான் அக்கா, சரின்னு சொல்லாம அவங்க அப்பா ஒரு நாற்காலியக்கூட நகத்த மாட்டாரு. அவங்களுக்குப் பொய் சொன்னாப் பிடிக்காது."

"உங்கப்பன் எப்பம்மா பொய் சொல்லியிருக்கேன்?" என்றேன்.

உள்ளே போய் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. பிஸ்வாஸ் பாபு, ஒல்லியான, மெதுவாகப் பேசும் மனிதர், "சுப்பையா மொஷாய், நீங்க பாட்டு கேப்பீங்களா?" என்று பெங்காலியில் கேட்டார். (மொஷாய் என்றால் ஐயா; தாதா என்றால் அண்ணன்.)

"நாப்பது வருஷமா கேக்குறேன் தாதா. வீட்ல இருநூறு தட்டு இருக்கு."

கோமதி என் காலை மிதித்தாள். மிதி தாமதமாக வந்தது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து போய்ப் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்து, வெள்ளைக் காகித உறையில் ஒரு தட்டை எடுத்து வந்து, இரண்டு கைகளாலும் நீட்டினார். "இதை வெளியாளுக்குக் குடுக்கறதில்லை. யார் பாடினதுன்னு சொல்ல மாட்டேன். கேளுங்க. ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிஷம், நிதானமாக் கேளுங்க. ஒருத்தர் பாட்டைக் கேட்ட விதத்தை வெச்சு அவரைத் தெரிஞ்சுக்கலாம்னு எங்க தீதி சொல்லுவா."

மூலையில் உட்கார்ந்திருந்த தீதி, எழுபதைத் தாண்டிய அம்மாள், மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். பருப்பில் கல் பொறுக்குகிறவர்கள் பார்க்கிற பார்வை. என் முதுகில் வியர்வை கோடு போட்டு இறங்கியது.

திரும்பி வரும் வழியில் டாக்ஸி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் எனக்கு உயிர் போய் வந்தது. தட்டு என் மடியில். "பாத்து ஓட்டுப்பா" என்று நூறு தடவை சொன்னேன்.  வீட்டு வாசலில் கோமதி, "குடுங்கப்பா, நடுவுல பெங்காலில என்னமோ எழுதியிருக்கே, படிச்சுச் சொல்றேன்," என்றாள்.

"என்னை யாருன்னு நெனச்ச? நானே பாத்துக்குவேன்."

அங்கே கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்றிலிருந்து பயம் என்னோடு குடித்தனம் நடத்தியது. தட்டில் கீறல் விழுந்தால்? எலி கடித்தால்? மே மாத வெயிலில் அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டால்? பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டேன். இரவு இரண்டு முறை எழுந்து திறந்து பார்த்தேன்.

"ஏங்க, என் நகையத் தூக்கி மேல்தட்டுல போட்டுட்டு, இந்தக் கருப்புத் தோசையப் பூட்டி வச்சிருக்கீகளே, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள் என் மனைவி பேச்சியம்மாள்.

"உம் மக கல்யாணம் அந்தத் தோசைக்குள்ளதாம்டி இருக்கு," என்றேன். அவள் அதற்குப் பிறகு அந்தப் பீரோப் பக்கம் போகும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

தட்டு இருக்கிறது, போட்டுக் கேட்க மெஷின் வேண்டுமே! நடைபாதையில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் பெட்டி மாதிரி மூடித் தூக்கும் ரெக்கார்டு பிளேயர் ஒன்றைப் பிடித்தேன். அந்த மனிதர் பாவம், நல்லவர். "பாபு, இங்க ஒரு திருகு இருக்கு பாருங்க, தட்டுக்குத் தக்கபடி..." என்று தொடங்கினார்.

"எனக்கே சொல்லித் தர்றியா? நாப்பது வருஷமா கேக்குறேன்," என்றேன். அவர் திருகைக் காட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

கடை மாடியில், உளுந்து மூட்டைகளுக்கு நடுவில், மதியம் கடை ஓய்ந்த நேரத்தில் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தத் திருகைப் பார்த்தேன். ஒரு பக்கம் 33. இன்னொரு பக்கம் 45. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மின்விசிறியை ஐந்தில் வைப்பவன் நான். கிரைண்டரைக் கடைசி எண்ணில் ஓட்டி முன்னுக்கு வந்தவன் நான். வாழ்க்கையில் சின்ன எண்ணைத் தேர்ந்தெடுத்தவன் எவனும் மூன்று கடை வைத்ததில்லை. 45-க்குத் திருப்பினேன்.

முள்ளை வைத்தேன். ஒரு பெண்ணின் குரல் துள்ளிக்கொண்டு வந்தது. அடடா! குதிரை வண்டி மாதிரி பாட்டு. வார்த்தை ஒன்றும் புரியவில்லை, ஆனால் கால் தானாக ஆடியது. கீழே தோசை மாஸ்டர் கல்லில் கரண்டியால் தாளம் போட்டார். பாதி பயம் அன்றே போனது. பிஸ்வாஸ் பாபு இருபத்திரண்டு நிமிடம் என்றார். எனக்குப் பதினாறு நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. (வேலையில் நான் எப்போதுமே கொஞ்சம் வேகம் என்று அப்போது பெருமையாக நினைத்துக்கொண்டேன்.)

மிச்சப் பாதி பயம் அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு வரை ஊறிக்கொண்டே இருந்தது. என்ன சொல்வது? எப்படிச் சொல்வது? கல்லாவில் உட்கார்ந்து பேச்சை மனப்பாடம் செய்தேன். காபி கேட்டவருக்கு, "அந்த அம்மாளின் குரல் இருக்கிறதே" என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

அந்த நாளும் வந்தது. எனக்கு முன் ஓய்வு பெற்ற ஒரு பேங்க் ஆபீசர் பேசினார். "இரண்டாவது பாட்டில் தபலாக்காரர் ஒரு கணம் தயங்குகிறார், அந்தத் தயக்கத்தில்தான் மொத்த ஆல்பமும் இருக்கிறது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.  தயங்குகிற தபலாக்காரனை நான் எங்கே போய்த் தேடுவேன்? என் தட்டில் எல்லாரும் ஓடிக்கொண்டல்லவா இருந்தார்கள்!

"சுப்பையா மொஷாய்?" என்றார் பிஸ்வாஸ் பாபு.

எழுந்தேன்.  "தாதா, பாடினது யாருன்னு நீங்க சொல்லல. ஆனா அந்த அம்மா குரல் இருக்கே... பதினாறு பதினேழு வயசுப் பொண்ணு ஆத்தங்கரைல ஓடுற மாதிரி!"

அறையில் ஒரு சத்தம் இல்லை. சொக்கிப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பயந்தவன் மௌனம் கிடைத்தால் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்வான். மேலே போனேன். "எவ்வளவு சந்தோஷமான பாட்டு! எங்க கடையே ஆடுச்சு. நம்ம பிள்ளைங்க கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு இதத்தான் போடணும். இதக் கேட்டா செத்தவங்கூட எந்திரிச்சு ஆடுவான்!"

பிஸ்வாஸ் பாபு கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"அது எங்க பாபா," என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எங்க அப்பா. அம்மா இறந்த வருஷம் பாடினது. வீட்டு ஆளுங்களுக்காக ஐம்பது தட்டு மட்டும் பதிச்சோம். இப்ப மிச்சம் ரெண்டு."

என் கையிலிருந்து தட்டை வாங்கித் தன் மெஷினில் வைத்தார். ஒரு ஆண்குரல். ஆழமான, களைத்த குரல். படகு கரையை விட்டு நகர்வது போல ஒவ்வொரு வார்த்தையும் மெதுவாகப் போயிற்று. வார்த்தை புரியாத எனக்கே அது அழுகை என்று புரிந்தது. இந்தப் பாட்டைத்தான் நான் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டேன். செத்தவன் ஆடுவான் என்று வேறு சொன்னேன். தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன்; ஆனால் அது மூன்றாவது மாடி, கீழ்வீட்டுக்காரர் கூடத்தில்தான் விழுவேன்.

கோமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அனிர்பான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மகள் கல்யாணம் இந்த இரண்டுக்கும் நடுவில் தொங்கியது.

பாட்டு முடிந்ததும் தீதி எழுந்து என் எதிரே வந்து நின்றார். "இது முப்பத்திமூணு வேகத்துல சுத்த வேண்டிய தட்டு. நீங்க எந்த நம்பர்ல வெச்சுக் கேட்டீங்க?"

பொய்கள் வரிசையில் வந்து நின்றன. மெஷின் கோளாறு. கரண்டு கூடுதலாக வந்தது. வேறு தட்டு மாறிவிட்டது. வாயைத் திறந்தேன். கோமதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது. என்னுடைய பயம், என் மகள் முகத்தில். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"நாப்பத்தஞ்சு," என்றேன்.

"ஏன்?"

"முப்பத்திமூணவிட அதுதான தீதி பெருசு?"

யாரோ டீயில் புரையேறி இருமினார்கள். நான் நிறுத்தவில்லை. வந்தது வரட்டும் என்று கொட்டினேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது தீதி. வீட்ல இருநூறு தட்டு கிடையாது, தோசைத் தட்டுதான் இருக்கு. மெஷின் போன மாசம் வாங்கினது. நடுவுல எழுதினதப் படிக்கத் தெரியாது. மகளக் கேக்க வெக்கமா இருந்துச்சு. உங்க அப்பாவப் பத்தி நான் சொன்னதுக்கு என்னச் செருப்பால அடிங்க. ஆனா என் பொண்ணு என்ன மாதிரி இல்ல, அவ பொய் சொல்ல மாட்டா."

 தீதி திரும்பிப் போய், மெஷினில் இருந்த திருகை 45-க்குத் தள்ளி முள்ளை வைத்தார். "வேண்டாம் தீதி" என்று நான் அலறியே விட்டேன். அந்தச் சின்னப் பெண்குரல் குதிரை வண்டி கட்டிக்கொண்டு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஓ மா!" என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், தீதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குலுங்குகிறார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழியச் சிரித்தார். "இத்தனை வருஷமா பாபா இந்தத் தட்டுல அழுதுட்டே இருந்தார்டா," என்றார் தம்பியைப் பார்த்து. "இன்னிக்குத்தான் அவரை ஓட விட்டிருக்கார் இந்த ஆளு!"

பிஸ்வாஸ் பாபு கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்தார். பிறகு அவரும் உடைந்தார். பேங்க் ஆபீசர் கைக்குட்டையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார்.

சிரித்து முடித்ததும் தீதி என் பக்கம் திரும்பினார். "போன மாசம் நீங்க போனதும் சொன்னேன், இந்தப் பொய் சொல்ற மனுஷனோட சம்பந்தம் வேண்டாம்னு. இருநூறு தட்டுன்னு சொல்லும்போதே தெரியும். ஆனா கேட்டதும் கொட்டிட்டீங்க. பொய்யை ரொம்ப நேரம் தூக்கத் தெரியாத ஆளு நீங்க. நடக்கட்டும்."

கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தப் பாட்டைப் போடவில்லை. ஆனால் தீதி என்னைப் பார்க்கும்போதெல்லாம் விரலைச் சுழற்றிக் காட்டிக்கொண்டே இருந்தார். இன்றும் முதல் ஞாயிறு கூட்டத்துக்கு நான் போகிறேன். காபி என் பொறுப்பு. மெஷினைத் தொட அனுமதி இல்லை; நான் வருகிற நாளில் மட்டும் அந்தத் திருகின் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைக்கிறார்கள்.

நான் எங்கே கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் மாப்பிள்ளை, "தேத்ரிஷ், பாபா, தேத்ரிஷ்!" என்பான். பெங்காலியில் முப்பத்திமூன்று. பேச்சியம்மாளுக்கு இத்தனை வருடத்தில் வந்த ஒரே பெங்காலி வார்த்தை அதுதான். தினமும் நாலு தடவை எனக்குச் சொல்கிறாள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்துக் கோமதியிடம் காட்டினேன். படித்துவிட்டு ஓரத்தில் ஐந்து இடங்களில் பென்சிலால் 33 என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதில் ஒன்று, எனக்கு மூன்று கடைகள் என்று எழுதிய இடத்தில்.

(சரி. இரண்டுதான். மூன்றாவது தள்ளுவண்டி.)