பதினேழு மண்டபங்களும் ஒரு நிழலும்

கண்டி நகரத்தைக் கீழேயிருந்து பார்ப்பது கௌரவக் குறைவு என்று 1936ஆம் ஆண்டில் உருவ ஒழுங்குக் கந்தோர் என்ற அரசாங்க அலுவலகம் தீர்மானித்தது. தெருவில் இறங்கினால் சப்பாத்தில் சேறு படுகிறது. சனங்கள் வேறு வந்து குறை சொல்கிறார்கள். மேலே போய்விட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. சீமையிலும் அப்போது எதையும் ஆகாயத்திலிருந்து படம் பிடிப்பதுதான் நாகரிகம். ஆகவே ஒரு விமானம் வரவழைக்கப்பட்டது. மழை விட்டு வெயிலடித்த ஒரு பின்னேரம், ஐந்தரை மணிக்கு, அது ஊரின் தலைக்கு மேல் இரண்டு வட்டம் போட்டுப் படம் பிடித்துக்கொண்டு போயிற்று.

குடை திருத்தும் மர்சூக்கும் அண்ணாந்து பார்த்துக் கை காட்டினார். நல்ல மனுஷர். கொழும்பு வீதிக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் அவருக்குக் கடை. புதுச் சீலை போட்ட குடைகளுக்கு மெழுகு பூசி வாசலில் விரித்துக் காயவைப்பது அவர் வழக்கம். அன்றைக்குப் பதினேழு குடைகள் விரிந்து கிடந்தன. பக்கத்தில் அழகரின் தேத்தண்ணிக் கடை. அதன் தகரக் கூரை பதினைந்து வருஷப் புகையில் கன்னங்கரேல் என்று இருந்தது.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. மர்சூக் என்பவர் பொதுத் தெருவில், அனுமதி பெறாமல், எண்கோண வடிவத்தில் பதினேழு மண்டபங்கள் எழுப்பியுள்ளமை கந்தோரின் மேலான கவனத்துக்கு வந்திருக்கிறதாம். பதினான்கு நாட்களுக்குள் அவை ஒழுங்குப்படி அகற்றப்படாவிட்டால் கடை லைசென்ஸ் ரத்தாகுமாம். மண்டபம் என்னவென்று மனைவி ருக்கியாவுக்கு விளங்கவில்லை. லைசென்ஸ் போனால் அடுப்பு எரியாது என்பது மட்டும் நன்றாக விளங்கியது. அவள் அழுதாள்.

மர்சூக் ஒரு குடையை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனார். படத்தைப் பார்த்துப் பிளான் வரைகிற உத்தியோகத்தர் திருச்செல்வம், யாழ்ப்பாணத்துக்காரர், மேசையில் படத்தை விரித்து வைத்து மிகுந்த பொறுமையோடு விளக்கினார்.

“ராஜா கட்டின எண்கோண மண்டபமே இந்த ஊரிலை ஒண்டுதான். நீர் பதினேழு கட்டியிருக்கிறீர். நிழலை அளந்து பாத்தம், பத்தொன்பது அடி. அப்ப மண்டபமும் பத்தொன்பது அடி.”

“அந்தியில எல்லாத்துக்கும் நிழல் நீளும் தானே சேர்.”

“ஓம், அது தெருவிலை நிக்கிற ஆக்களின்ரை நியாயம். எங்கடை கணக்கிலை நேரம் எண்டு ஒண்டு இல்லை.”

மர்சூக் குடையை மேசைமேல் விரித்தார். “இதுதான் சேர் நீங்க சொல்ற மண்டபம்.”

திருச்செல்வம் குடையைச் சுற்றி வந்து பார்த்தார். படத்தையும் பார்த்தார். “இதுக்குக் கைபிடி இருக்கு. படத்திலை ஒண்டுக்கும் கைபிடி இல்லை. அது வேறை.”

வீட்டுக்கு வந்த மர்சூக் வம்பே வேண்டாமென்று எல்லாக் குடைகளையும் மடக்கி உள்ளே வைத்தார். மறுநாள் சோதனைக்கு வந்த ஓவசியர் வெறுந்தரையைக் கண்டு திகைத்து, பதினேழு மண்டபங்கள் இடிப்பதற்கான அனுமதி பெறாமலே இடிக்கப்பட்டுள்ளன என்று எழுதிக்கொண்டு போனார். அனுமதி கேட்டபோது, நிற்கிற கட்டடத்துக்குத்தான் இடிக்க அனுமதி கொடுக்க முடியும் என்று பதில் வந்தது. ஆகவே இடிப்புக்கென்று கந்தோர் குறித்த நாளில், குறித்த ஐந்தரை மணிக்கு, மர்சூக் மண்டபங்களைத் திரும்பக் கட்டினார். அதாவது, விரித்தார்.

கந்தோரின் தலைவரான வெள்ளைக்காரத் துரை வந்தார். திருச்செல்வமும், இடிக்கிற கடப்பாரைகளான அலவாங்குகளோடு பன்னிரண்டு கூலியாட்களும் வந்தார்கள். தெருவே திரண்டு நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நிழல்களை அளந்தார்கள், பத்தொன்பது அடி சரியாக இருந்தது. மர்சூக் ஒவ்வொன்றாக மடக்கினார். ஏழு நிமிஷத்தில், ஒரு பொட்டுத் தூசியும் எழும்பாமல், பதினேழு மண்டபங்கள் தரைமட்டமாயின. இப்படி ஓர் இடிப்பைத் தம் சேவைக்காலத்தில் கண்டதில்லை என்று துரை மெச்சினார்.

அப்புறம் திருச்செல்வம் படத்தை இன்னொரு தரம் பார்த்தார். பதினேழாம் மண்டபத்தை ஒட்டி அதில் கறுப்பாக ஒரு நீள்சதுரம் இருந்தது. அது மண்டபத்தின் நிழல் என்று பதிவாகியிருந்தது. அந்த இடத்தில் அழகரின் கடை நின்றது. மண்டபம் அகற்றப்பட்ட பின்னரும் அதன் நிழல் நிலைத்திருப்பது பாரிய ஒழுங்கீனம் என்று துரை கருதினார். இது கடை என்று அழகர் கும்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். நிழலுக்கு மனுக் கொடுக்கும் உரிமை கிடையாது என்று பதில் கிடைத்தது.

நிழலை அப்புறப்படுத்த, நிழலுக்குச் சொந்தக்காரரின் சம்மதம் மட்டும் போதும். திருச்செல்வம் ஒரு கையில் சம்மதப் பத்திரத்தையும் மறு கையில் மர்சூக்கின் புதிய லைசென்ஸையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நானா, இது கடைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க,” என்றார் அழகர். “பதினஞ்சு வருசமா இங்கதான குடிச்சீங்க.”

மர்சூக்குக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடேயே கையெழுத்துப் போட்டார். ஆட்சேபணை உள்ளவர்கள் உண்டா என்று துரை கேட்டார். தெருவில் நின்ற ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு லைசென்ஸ் இருந்தது; எல்லாரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். சும்மா நின்ற அலவாங்குகளுக்கு அன்றைய வேலை கிடைத்தது. நிழல் விழுந்தபோது மட்டும் நிறையத் தூசி எழும்பியது.

துரை போனதும் மழை பிடித்துக்கொண்டது. சனங்கள் குடைகளை விரித்தார்கள். அழகர் உடைந்த தகரங்களுக்கு நடுவில் நனைந்துகொண்டு நின்றார். மர்சூக் இருந்ததிலேயே நல்ல குடையை விரித்து அவரிடம் நீட்டினார்.

“வேணாம் நானா,” என்றார் அழகர். “இத புடிச்சிக்கிட்டு நின்னா, மேலருந்து பாக்கிறவங்களுக்கு நானும் ஒரு மண்டபம். இடிக்க வந்துருவாங்க.”

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்தது. ஒரு குடை மடங்கியது, அடுத்தது மடங்கியது, பிறகு எல்லாமே மடங்கின. அந்த மழைக்காலம் முழுவதும் அந்தத் தெருவில் ஒருவரும் குடை விரிக்கவில்லை, திருத்தக் கொண்டுவரவும் இல்லை. மர்சூக்கின் லைசென்ஸ் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் நனையாமல் தொங்கியது.