மூணாம் நம்பர் வீட்டுப் போட்டோ

"முரளிதரன் சார் வீடுங்களா? காரியம் என்னைக்குங்க?"

"நான் முரளிதரன்தான் பேசறேன்."

எதிர்முனையில் போன் கீழே விழும் சத்தம் கேட்டது. அன்று காலையில் இது நாலாவது.

பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முரளிதரன், ஸ்ரீரங்கத்தில் சௌக்கியமாகத்தான் இருந்தார். ஆனால் 'மூணாம் நம்பர் வீடு' டி.வி. தொடரில், கதாநாயகியின் செத்துப்போன அப்பா என்று அவர் போட்டோவை மாட்டியிருந்தார்கள். மாலை போட்டு, விளக்கேற்றி, தினமும் மாலை ஏழரை மணிக்கு.

போட்டோ எடுத்த ஸ்டூடியோ தாஹாவிடம் ஓடினார்.

"சீரியல் யூனிட்காரங்க வயசானவர் படம் ஒண்ணு கேட்டாங்க சார். குடுத்தேன்."

"யாரைக் கேட்டுப்பா குடுத்தே?"

தாஹா கேமரா லென்ஸைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

மனைவி ரெங்கநாயகியோ தொடரை விடாமல் பார்த்தாள். "அழறவங்க அழுதுட்டுப் போகட்டும், விடுங்க" என்றாள். முரளிதரன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டார். ஆடி மாதம் மொட்டைமாடியில் காக்கை தட்டியதிலிருந்து, கவலை வந்தால் கை அங்கேதான் போகிறது.

கவலை மகள் சௌமியாவைப் பற்றியது. துவாக்குடி வரன் முடியும் நேரத்தில் இந்தப் போட்டோவால் நின்றுபோனது. நேரில் போய் நின்றும் மாப்பிள்ளையின் அம்மா மசியவில்லை.

"நீங்க உயிரோட இருக்கறது தெரியுதுங்க. ஆனா தினமும் விளக்கேத்திப் பார்த்த முகம் சம்பந்தியா எதிர்ல உக்காந்தா மனசு ஒப்பலை."

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜில் தங்கியிருந்த தொடரின் கதாசிரியை லிசியைப் போய்ப் பார்த்தார்.

"போட்டோவை எடுத்துடுங்கம்மா."

"திடீர்னு எடுத்தா நம்ப முடியாது சார். இயல்பா எடுக்கறேன்."

மறுவாரம் போட்டோ இயல்பாகக் கீழே விழுந்து உடைந்தது. கண்ணாடி சிதறுவதை மூன்று கோணத்தில் காட்டினார்கள். மாப்பிள்ளை வீட்டில் போனையே எடுக்கவில்லை.

புதுக் கண்ணாடி போட்டு மறுபடி மாட்டினார்கள். "மாலையையாவது கழட்டுங்க" என்று கெஞ்சினார். கழற்றினார்கள். "உங்களுக்கு ஒரு முழம் பூ வாங்கக்கூட வழியில்லையே" என்று தொடரின் விதவை நான்கு நாள் அழுதாள். ஐந்தாம் நாள் எதிர்வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்தபடி ஒரு சம்பங்கி மாலையோடு முரளிதரன் வாசலில் வந்து நின்றாள்.

முரளிதரன் மறுபடி லாட்ஜுக்குப் போனார். "அந்த ஆளை உயிரோட கொண்டு வந்துடுங்க."

லிசி சுவரில் ஒட்டியிருந்த கடிதத்தைக் காட்டினாள். 'செத்தவன் செத்தவனாகவே இருக்கும் ஒரே தொடர். இதே யதார்த்தம் கடைசிவரை தொடரட்டும். இப்படிக்கு, முரளிதரன், ஸ்ரீரங்கம்.'

"உங்க போட்டோவை மாட்டறதுக்கு முன்னாடி நீங்க எழுதினதுதான் சார்."

"இதை எழுதினவன் செத்துட்டான்னு வெச்சுக்கங்க."

"பதினஞ்சு வருஷம் முன்னாடி கொள்ளிடத்துல முழுகினவர் எப்படி சார் வருவாரு?"

"நீந்தி."

"பொண்ணு கல்யாணம்மா" என்றார். லிசி பேனாவை எடுத்தாள்.

கடைசி எபிசோடில் முரளிதரனே கொள்ளிடத்திலிருந்து எழுந்து வந்தார். சட்டை நனையவில்லை. "நல்லா போயிட்டிருந்த கதையைக் கெடுத்துட்டாங்க" என்று தெருவே திட்டியது. திட்டியவர்கள் எல்லாரும் அழுதுமிருந்தார்கள்.

எட்டு மணிக்குத் துவாக்குடியிலிருந்து போன். "சம்பந்தி, வந்துட்டீங்களே" என்று விசும்பினாள் மாப்பிள்ளையின் அம்மா. "வர்ற வெள்ளிக்கிழமையே தட்டு மாத்திக்கலாம்."

முரளிதரனுக்கு நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கியது. இனி எந்தத் தொடரில் யார் பிழைத்து வந்தாலும் ஒரு வார்த்தை சொல்வதில்லை என்று முடிவு செய்தார்.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுக்க வந்த தாஹா, தொடரில் மாட்டியிருந்த போட்டோவைப் பையிலிருந்து எடுத்து ரெங்கநாயகியிடம் நீட்டினார்.

"இந்தாங்கம்மா, நீங்க குடுத்த போட்டோ. காக்கா தலையில தட்டின தோஷம் போக, சார் செத்துட்டாருன்னு நாலு பேரை அழவெச்சா போதும்னீங்க, நான் நாலு ஜில்லாவையே அழவெச்சுட்டேன்."